மழைக்குப் பின் கிளம்பாத புல்வெட்டும் மெஷின்



ஓவேலியில் ஆடி மழை ஓய்ந்ததும் தேயிலைக்கு நடுவே களை மண்டிக் கிடக்கும். மூலையில் வைத்த பழைய புல்வெட்டும் மெஷினை எடுத்துக் கயிற்றை இழுத்தால் கிளம்பாது. "இன்ஜின் போச்சுங்க" என்று பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். முதலில் பெட்ரோலைப் பாருங்கள். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பழசை ஓடையில் கொட்டாமல் கேனில் வடித்துவிட்டு, புதுப் பெட்ரோலில் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்து ஊற்றுங்கள். கையேட்டில் 50-க்கு 1 என்றிருந்தால், லிட்டருக்கு 20 மில்லி. பிளக்கைக் கழற்றிக் கரியைத் துடையுங்கள். ஸ்பாஞ்ச் ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். பிளேடைத் தொடுமுன் பிளக் வயரைக் கழற்றிவிடுங்கள். விரல் போனால் வராது. அடுத்த மழைக்கு முன் டேங்கைக் காலி செய்து, மெஷின் தானே நிற்கும்வரை ஓடவிட்டு எடுத்து வையுங்கள்.