கண்ணசைவு ஆய்வுக்கு யார் காசு தருகிறார்கள்?

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆய்வைப் பற்றிப் பேசுங்கள், ஆனால் எல்லோருக்கும் பிரயோசனமாகப் பேசுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். ஆகவே விஞ்ஞானத்தைச் சுருக்கி, காசைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச எண்ணுகிறோம். இந்தச் சபையில் பல்கலைக்கழகங்களில் இருப்போர், கம்பனிகளில் முடிவெடுப்போர், அறக்கட்டளைகளில் அங்கம் வகிப்போர் என எல்லாப் பக்கத்தாரும் இருக்கிறீர்கள். ஆய்வு ஒப்பந்தம் ஒன்று உங்களில் யாரேனும் ஒருவரின் மேசைக்கு நிச்சயம் வரும்.

வாசிக்கும்போது நமது கண் வரியில் வழுக்கிச் செல்வதில்லை. தாவுகிறது, ஏறத்தாழக் கால் செக்கன் நிற்கிறது, மறுபடி தாவுகிறது. சில வேளை பின்னோக்கியும் போகிறது. இதை அளக்கும் கருவி செந்நிறக் கீழ்க்கதிரைக் கண்ணில் படவிட்டு, அது கருவிழியில் தோற்றுவிக்கும் சிறு பளபளப்பையும் கண்மணியின் நடுவையும் கமராவால் பார்த்து, பார்வை எங்கே விழுகிறது என்று கணிக்கிறது. கைகால் அசைக்கவும் பேசவும் முடியாத நோயாளி ஒருவர், இதே கருவியின் உதவியுடன் திரையிலுள்ள எழுத்துகளைக் கண்ணால் தெரிந்து வீட்டாருடன் பேசலாம்.

இந்த வேலைக்குப் பல்கலைக்கழகத்தின் சொந்தப் பணம் போதாது. கருவி வாங்கினால் மட்டும் ஆய்வு நடக்காது. அதை இயக்குபவருக்குச் சம்பளம், ஆய்வு மாணவருக்குக் கொடுப்பனவு, பழுதானால் திருத்தச் செலவு என்று போய்க்கொண்டே இருக்கும். ஆகவே வெளியாரின் கூட்டு வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் கூட்டு எப்படி முடியக்கூடும் என்பதற்கு கொப்பன்ஹேகனில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

2004 முதல் 2009 வரை, உடல் இயலாதோர் கண்ணால் கணினியை இயக்குவது பற்றிய ஆய்வுக்காகப் பல பல்கலைக்கழகங்களை இணைத்து ஐரோப்பிய ஒன்றியம் பணம் கொடுத்தது. அந்த வலையமைப்பின் பெயர் கோகெய்ன். அதில் சேர்ந்திருந்த கொப்பன்ஹேகன் தகவல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு, சாதாரண கமராவைக் கொண்டே பார்வையைப் பின்தொடரும் மென்பொருளொன்றை எவரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும்படி 2009இல் வெளியிட்டது. பின்னர் 2011இல் அந்தக் குழுவினர் சிலர் 'ஐ ட்ரைப்' என்ற கம்பனியைத் தொடங்கி, 99 டொலருக்கு ஒரு கருவியை விற்றார்கள். ஆய்வுகூடத் தரத்திலான கருவிகள் பல்லாயிரம் டொலர் விலை போன காலம் அது. வசதி குறைந்த ஆய்வுகூடங்களுக்கு இது பெரிய வாய்ப்பாக இருந்தது.

2016 டிசெம்பரில் பேஸ்புக்கின் ஒக்குலஸ் பிரிவு அந்தக் கம்பனியை வாங்கியது. விற்பனை நின்றது. அடுத்த ஆண்டு, பேர்லின் பல்கலைக்கழகமொன்றிலிருந்து 1991இல் பிரிந்து வளர்ந்த எஸ்.எம்.ஐ. கம்பனியை அப்பிள் வாங்கியது. அந்தக் கருவிகளும் சந்தையிலிருந்து மறைந்தன. இதில் எவரும் சட்டத்தை மீறவில்லை. விற்க அவர்களுக்கு உரிமை இருந்தது. வாங்கியவர்களுக்கோ தலையில் அணியும் திரைகளுக்குள் அந்தத் தொழில்நுட்பம் வேண்டியிருந்தது. கருவியை நம்பியிருந்தவர்களைப் பற்றி எவரும் முற்கூட்டி எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

நமது பாடசாலைக்குக் கட்டடம் கட்டித் தருபவர் சுவரில் ஒரு பெயர்ப்பலகை கேட்பார். அது மலிவான நிபந்தனை என்பதை இந்தத் துறைக்கு வந்த பிறகே நாங்கள் உணர்ந்தோம். கம்பனிகள் கேட்பது வேறு: முடிவை வெளியிடுமுன் தாங்கள் பார்க்க வேண்டும், சில மாதம் தாமதிக்க வேண்டும், பதிவுகள் தங்களிடம் இருக்க வேண்டும். பார்ப்பதற்கு அவகாசம் கொடுக்கலாம். தடுக்கும் உரிமையைக் கொடுக்கவே கூடாது. பதிவுகளையும் கொடுத்துவிடக் கூடாது.

பதிவுகளின் பெறுமதிக்குச் சுவீடனே சாட்சி. 1990ஆம் ஆண்டையொட்டி அங்கே பாடசாலைப் பிள்ளைகள் வாசிக்கும்போது எடுத்த கண்ணசைவுப் பதிவுகளைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். ஏறத்தாழக் கால் நூற்றாண்டின் பின், கரோலின்ஸ்கா நிறுவனத்தவர் அவற்றில் 185 பிள்ளைகளின் பதிவுகளைக் கணினியிடம் கொடுத்து, வாசிப்பு இடர்ப்பாடுள்ளவர்களை 100க்கு 95 அளவில் சரியாகப் பிரித்தறியலாம் என்று 2016இல் வெளியிட்டார்கள். பாடசாலைகளில் வாசிப்பைச் சோதிக்கும் கம்பனியொன்றும் அதிலிருந்து பிறந்தது. பழைய பதிவுகள் எவருடைய அலுமாரியிலோ பூட்டப்பட்டிருந்தால் இது நடந்திராது.

இனித் தமிழுக்கு வருவோம். ஆங்கிலம் வாசிப்பவரின் கண் ஒரு நிறுத்தத்தில் இடப்புறம் மூன்று நான்கு எழுத்துகளையும் வலப்புறம் பதினான்கு பதினைந்து வரையும் உள்வாங்குகிறது. வலமிருந்து இடம் எழுதும் எபிரேயத்தில் இது மறுபக்கம் சாய்கிறது. அப்படியானால் 'கொ' என்ற எழுத்தில், ஒலியில் பின்னால் வரும் உயிருக்கான கொம்பைக் கண் முதலில் சந்திக்கும்போது, இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன நடக்கிறது? வாசிக்கச் சிரமப்படும் பிள்ளையை 'மொக்கு' என்று ஒதுக்கிவிடாமல் இருக்க, இந்த விடை எங்கள் ஆசிரியைகளுக்கு வேண்டும். இதற்குப் பணம் தருகிறோம் என்று பெரிய கம்பனி எதுவும் தானாக வந்து கதவைத் தட்டாது. சந்தை சிறியது.

கருவியை இரவல் பெறலாம். ஓர் ஆய்வு மாணவிக்கு மூன்று வருடக் கொடுப்பனவும், பதிவுகள் பல்கலைக்கழகத்துக்கே உரியவை, முடிவுகளை எவரும் தடுக்க முடியாது என்ற இரண்டு வரிகள் கொண்ட ஒப்பந்தமும்தான் தேவை. எங்கள் சங்கத்தின் கிளைகள் சில சேர்ந்தால் தாங்கக்கூடிய செலவு இது என்றே நினைக்கிறோம்.

தலைவி மணிக்கூட்டைப் பார்க்கிறார். மிச்சத்தைத் தேநீர் வேளையில் பேசுவோம்.