டாலரைப் பெருக்கினால் போதுமா?

2023-இல் ஐபோன் 15 ப்ரோவின் தொடக்க விலை அமெரிக்காவில் 999 டாலர். டாலருக்கு 83 ரூபாய் என்று பெருக்கினால் ஏறக்குறைய 83,000. இந்தியாவில் விற்றதோ 1,34,900 ரூபாய்க்கு. பகல் கொள்ளை என்று சொல்லத் தோன்றும். ஆனால் அமெரிக்கர்கள் சொல்லும் விலையில் விற்பனை வரி இல்லை. அது பில் போடும்போதுதான் ஏறும். நம் விலைக்குள் 18 சதவீத ஜி.எஸ்.டி. அடக்கம். இறக்குமதியான கைப்பேசிக்கு அப்போது கூடுதல் வரியோடு 22 சதவீத சுங்கவரியும் உண்டு.

'அப்படியானால் எல்லாம் அரசாங்கத்தின் வேலைதானே?' என்று கேட்கலாம். முழுக்க அப்படியில்லை. அந்த 83,000-த்தின் மேலேயே இரண்டு வரிகளையும் ஏற்றினாலும் 1,19,000 சொச்சம்தான் வருகிறது. மீதியில் விநியோகச் செலவும் லாபமும் இருக்கின்றன. நாணயம் சரியலாம் என்ற முன்யோசனையும் இருக்கிறது. 2022-இல் யென் சரிந்தபோது ஜப்பானில் ஐபோன் 13-இன் விலை 98,800 யென்னிலிருந்து ஒரே நாளில் 1,17,800 ஆனது, பொருள் அதேதான். ஆக, மாற்று விகிதம் சொல்வது பணத்தின் விலையை. பொருளின் விலையை அந்தந்த ஊர்ச் சந்தையும் வரியும்தான் சொல்கின்றன.