எல்லாம் ஒன்றாக விழும் நாள்



பல்கலைக்கழகங்களில் நிதிசார் பொருளியல் அளவையியல் கற்பிக்கும் பழைய மாணவிகள் சார்பில் எங்களைப் பேச அழைத்தீர்கள். பெயர்தான் நீளம். பங்கு விலை, வட்டி, நாணய மாற்று வீதம் ஆகியவை எப்படி ஏறி இறங்குகின்றன, ஒன்று அசையும்போது மற்றது என்ன செய்கிறது என்பதைப் புள்ளிவிபரம் கொண்டு அளப்பதே எங்கள் வேலை.

கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் இது புதிதல்ல. நம் அம்மாமார் பணத்தை ஓரிடத்தில் வைத்ததில்லை. கொஞ்சம் வங்கியில் நிலையான வைப்பு, கொஞ்சம் செட்டியார் தெரு நகை, கொஞ்சம் சீட்டு. ஒன்று போனாலும் மற்றது கைகொடுக்கும் என்பது அவர்கள் கணக்கு. பாடநூல்களும் அதையே சொல்கின்றன.

அந்தக் கணக்கு எப்போது பிழைக்கும்? அதை ஆராய்ந்தவர்களுள் ஒருவர், மெல்பேர்ண் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் இத்துறையில் கற்பித்த பேராசிரியர் பரம்சோதி சில்வபுள்ளே. 2003இல் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கிளைவ் கிரேஞ்சருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 2001இல் வெளிவந்தது. அமெரிக்காவின் டோ ஜோன்ஸ் பங்குகளை எடுத்துப் பார்த்தார்கள். சந்தை கடுமையாகச் சரியும் நாட்களில் அந்தப் பங்குகள் வழமையை விட அதிகமாகச் சேர்ந்தே விழுவதைக் கண்டார்கள். பிரித்து வைத்ததன் பயன், அது மிகவும் தேவைப்படும் நாளில்தான் குறைகிறது.

இதை விளக்க வகுப்பில் 2022ஐச் சொல்கிறோம். மார்ச்சில் ரூபாய் மிதக்கவிடப்பட்டது. சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டியது. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவு இடைநிறுத்தப்பட்டது. 18ஆம் திகதி முதல் ஐந்து நாட்கள் கொழும்புப் பங்குச் சந்தை மூடியிருந்தது. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. வைப்பும் சீட்டும் ரூபாயோடு சேர்ந்து தேய்ந்தன. நகையின் விலை மட்டும் ஏறியது. உலகச் சந்தையில் தங்கத்துக்கு டொலரில் விலை. வேறு வேறு பெட்டிகளில் வைத்ததாக நினைத்தோம். பெரும்பாலானவை ஒரே ரூபாய்ப் பெட்டிக்குள்தான் இருந்தன.

ஊழியர் சேமலாப நிதியமும் அப்படியே. அதன் பணத்தில் பெரும்பகுதி அரசாங்கத்துக்கே கடனாகக் கொடுக்கப்பட்டிருந்தது. 2023இல் அதன் திறைசேரி முறிகளில் பெரும்பாலானவை, 2025 வரை 12 வீதமும் பிறகு 9 வீதமும் வட்டி தரும் முறிகளாக மாற்றப்பட்டன. நம் சகோதரிகள் பலரின் முதுமைக்கால உணவும் மருந்தும் அந்தப் பணத்தில்தான்.

இவற்றை முன்கூட்டியே அளந்து, நம் வீடுகளுக்குப் புரியும் தமிழில் சொல்ல ஆட்கள் வேண்டும். அவர்கள் இந்தப் பாடசாலையிலிருந்தும் வரட்டும்.

பாதை நீண்டது. உயர்தரத்தின் பின் பட்டம், முதுமாணி, கலாநிதி என்று பத்து வருடமளவில் போகும். "இன்னும் படித்து முடியவில்லையா?" என்று உறவினர் கேட்பார்கள். அப்போது பெற்றோர் பிள்ளையின் பக்கம் நிற்க வேண்டும். இணைந்த கணிதம் எடுத்தால் பொறியியல் மட்டுமே என்று யாரும் சொல்லவேண்டாம்.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகளே, கட்டடத்துக்கு அள்ளித் தந்தீர்கள். இனி வாரத்தில் ஒரு மணித்தியாலமும் தாருங்கள். இணையவழியில் ஒரு மாணவிக்குப் புள்ளிவிபரவியல் சொல்லிக்கொடுங்கள். பல்கலைக்கழக விண்ணப்பத்தை எழுத உதவுங்கள். அடுத்த நெருக்கடி வரும்போது கணக்குத் தெரிந்த பெண்கள் நம்மிடையே இன்னும் பலர் இருக்கட்டும்.