தகப்பன் பெயர்



இந்தப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நான் படித்த காலத்தில் பின்னேரங்களில் கண்டி ஸ்டேஷனுக்குப் போவோம், கொழும்பிலிருந்து ரயிலில் வரும் மாலைப் பத்திரிகைக் கட்டுக்காக. கோப்பிக்காகப் போட்டு 1867இல் கண்டியை எட்டிய பாதை, அன்று காலை கொழும்பு நீதிமன்றத்தில் நடந்த விசாரணையை அன்றைக்கே எங்களிடம் சேர்த்தது. ஆங்கிலத்தில், 1834இல் பிறந்த ஒப்சேவரும் 1846இல் பிறந்த டைம்ஸும் போட்டி போட்ட காலம் அது. தமிழில் வீரகேசரி நிறுவனம் மித்திரனை நடத்தியது. இங்கே 1957இல் பட்டம் பெற்ற க. கைலாசபதி 1959இல் தினகரன் ஆசிரியரானார் என்ற கதையைக் கேட்டே நானும் பத்திரிகைக்குப் போனேன்.

நான் சேர்ந்த மாலைப் பத்திரிகைக்கு ஒரு முற்பகல் செய்தி வந்தது. மலைநாட்டுத் தோட்டமொன்றில் லொறி பள்ளத்தில் உருண்டு ஒரு தொழிலாளி இறந்துவிட்டார். பெயர் இருந்தது.

“தகப்பன் பெயர்?” என்றார் மூத்த உதவி ஆசிரியர்.

“வரவில்லை, ஐயா.”

“ஆஸ்பத்திரியைக் கேளும்.”

ட்ரங்க் கோல் கிடைக்கவில்லை. ஃபோர்மன் பக்கம் கட்டக் காத்து நின்றார். ஐயா பெயரை வெட்டிவிட்டு ‘தோட்டத் தொழிலாளி ஒருவர்’ என்று எழுதினார். மறுநாள் தெரிந்தது, அந்தத் தோட்டத்தில் அதே பெயரில் இருவர். உயிரோடிருந்தவரின் தாய் கண்டியில் ஒரு வீட்டில் வேலை செய்தார். பெயரைப் போட்டிருந்தால், அன்று மாலையே யாராவது அவருக்கு வாசித்துக் காட்டியிருப்பார்கள்.

மாலைப் பத்திரிகையை 1979இல் வந்த தொலைக்காட்சி கொன்றது என்பார்கள். நான் அரசின் கையை முதலில் சொல்வேன். ஒப்சேவரை வெளியிட்ட லேக் ஹவுஸ் 1973இல் அரசிடம் போனது, டைம்ஸ் 1977இல். பாராளுமன்றத்தில் அன்று நடந்ததை அன்றே அஞ்சாமல் சொல்லாத தாளை யார் காசு கொடுத்து வாங்குவார்? டைம்ஸ் நிறுவனம் 1985இல் மூடப்பட்டது. ஒப்சேவர் என்ற பெயர் இன்று ஞாயிறு இதழில்தான் இருக்கிறது. நம்பிக்கை போன பிறகே வாசகர் போனார்.

இன்று விபத்துச் செய்தி பெயரோடும் படத்தோடும் நொடியில் உங்கள் ஃபோனுக்கு வருகிறது. தகப்பன் பெயரைக் கேட்க அங்கே ஒருவர் இல்லை. இன்று பட்டம் பெறும் நீங்கள் வைத்தியராகவோ பொறியியலாளராகவோ ஆசிரியராகவோ போகலாம். உங்கள் கைக்கும் அப்படியொரு பெயர் வந்து சேரும். அனுப்புமுன் ஆஸ்பத்திரியைக் கேளுங்கள், பிள்ளைகளே.

நாட்டில் அச்சாகும் நூல்களும் பத்திரிகைகளும் சட்டப்படி வந்து சேரும் நூலகங்களில் பேராதனை நூலகமும் ஒன்று. ஊருக்குப் புறப்படுமுன் அங்கே பழைய பத்திரிகைக் கட்டொன்றைக் கேட்டு வாங்குங்கள். முதற்பக்கத்தை விடுங்கள், நீதிமன்றச் செய்திகளில் தொடங்குங்கள்.