மசக்கையும் சர்க்கரையும்



சூல் கொண்ட பெண்ணை, 'இரண்டு உயிருக்கும் சேர்த்து உண்' என்று உபசரிப்பது நம் வழக்கம். ஆயின், நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் ஆற்றலைத் தடுப்பதால், முன்பு நோயறியாதவருக்கும் இரத்தத்தில் சர்க்கரை மிகக்கூடும். அறிகுறி பெரும்பாலும் தோன்றாது; சோதனையே காட்டும். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைப் பருகி, 2 மணி நேரம் கழித்து இரத்தம் கொடுத்தால் போதும், பட்டினி வேண்டுவதில்லை. முதல் வருகையிலும், 24 முதல் 28 வாரங்களுக்குள்ளும் செய்தல் நலம். கவனியாது விட்டால் சிசு மிகப் பருத்து, பேறு கடினமாகலாம். பலருக்கு உணவு ஒழுங்கும் நடையுமே போதும். சிலருக்கு மருந்து வேண்டும். பேற்றுக்குப்பின் 6 வாரத்தில் மீண்டும் சோதித்தல் இன்றியமையாதது. தாய்வீடு தொலைவிலுள்ள நம் பெண்களுக்கு, மருத்துவமனைக்குத் துணை செல்லும் தாயாக நாமே இருப்போமாக!