சட்டம் படித்தால் கோர்ட் மட்டும்தானா?

(பிளஸ் டூ மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் நமது சங்கக் கூடத்தில் நடந்த மேற்படிப்பு வழிகாட்டல் கூட்டத்தில், சி பிளாக்கில் வசிக்கும் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

ஞாயிற்றுக்கிழமை மாலையில் டிவியை அணைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள், நன்றி. செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'பொதுநலத் தொழில்நுட்பக் கொள்கையில் சட்ட வேலைகள்'. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஒரு வழக்கைச் சொன்னால் புரிந்துவிடும்.

வங்கிக் கணக்கு தொடங்கவும் சிம் கார்டு வாங்கவும் இப்போது செல்போன் கேமரா முன்னால் கண்ணைச் சிமிட்டச் சொல்கிறார்கள். எதிரில் இருப்பது உயிருள்ள ஆள்தான், போட்டோ அல்ல என்று உறுதி செய்ய இந்த ஏற்பாடு. நமக்கு இது இரண்டு நொடி வேலை. அமில வீச்சில் கண்ணிமை சேதமடைந்த ஒரு பெண் எப்படிச் சிமிட்டுவார்? பார்வையற்ற ஒருவர் திரையில் உள்ள வட்டத்துக்குள் தன் முகத்தை எப்படிப் பொருத்துவார்?

அமில வீச்சில் இருந்து மீண்ட பிரக்யா பிரசூனும் மற்றவர்களும் இந்தக் கேள்வியோடு உச்ச நீதிமன்றம் சென்றார்கள். பார்வையற்ற வழக்கறிஞரான அமர் ஜெயின் தனியாக ஒரு மனு போட்டார். 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பு வந்தது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது. 20 உத்தரவுகளையும் பிறப்பித்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்து சென்ற நீதிபதி ஆர். மகாதேவன் அந்த இருவர் அமர்வில் ஒருவர்.

இதில் வழக்கறிஞரின் வேலை கோர்ட்டில் வாதாடுவதோடு முடிவதில்லை. ரிசர்வ் வங்கியின் விதியில் 'சிமிட்ட வேண்டும்' என்று இருக்கிறதா, அல்லது செயலியை எழுதியவர் முடிவு செய்ததா என்று தேட வேண்டும். வேறு எந்த வழியில் சரிபார்க்கலாம் என்று பொறியாளரிடம் கேட்டு, அதை விதியின் மொழியில் எழுதித் தர வேண்டும். சட்டத்துக்கும் சாஃப்ட்வேருக்கும் நடுவில் நின்று சாதாரண மனிதருக்காகப் பேசுவதுதான் இந்தத் துறை.

இது புதிதும் அல்ல. சமூக ஊடகப் பதிவுக்காகக் கைது செய்ய வழிவிட்ட 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015இல் ரத்து செய்தது. 2012இல் அந்த வழக்கைத் தொடுத்த ஷ்ரேயா சிங்கலுக்கு அப்போது வயது 21. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்ன வழக்கு, ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசுவாமியின் பெயரில் உள்ளது. சில வெற்றிகள் கோர்ட்டுக்கு வெளியே கிடைத்தவை. ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வொரு டேட்டா கட்டணம் வைக்கக் கூடாது என்று 2016 பிப்ரவரியில் டிராய் தடை விதித்தது, பொதுமக்கள் அனுப்பிய கருத்துகளைக் கேட்ட பிறகுதான்.

சரி, வேலை எங்கே கிடைக்கும்? டெல்லியில் இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன், விதி சட்டக் கொள்கை மையம், பெங்களூரில் சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டி போன்ற அமைப்புகள் உண்டு. பட்டம் முடித்த, 25 வயதுக்கு மிகாதவர்கள் பிஆர்எஸ் அமைப்பின் லேம்ப் திட்டத்தில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினருடன் வேலை பார்க்கலாம். தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு நிறுவனங்களுக்கும் இது தெரிந்த ஆட்கள் தேவைப்படுகிறார்கள். பெற்றோரிடம் மறைக்காமல் சொல்கிறேன்: பொதுநல அமைப்புகளின் சம்பளம் பெரிய கார்ப்பரேட் சட்ட நிறுவனங்களுக்கு ஈடாகாது. சில வருடம் அங்கே, சில வருடம் இங்கே என்று மாறி மாறி இருப்பவர்கள் உண்டு. வீட்டுக் கடன், கல்விக் கடன் கணக்கைப் போட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

படிப்புக்கு வருவோம். சென்னையில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியில் ஐந்தாண்டுப் படிப்புக்கு பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் இடம். திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் தேர்வு எழுத வேண்டும். பி.இ. முடித்துவிட்டு மூன்றாண்டு எல்எல்பி சேர்வதும் இந்தத் துறைக்கு நல்ல வழிதான். வழக்கறிஞராகப் பதிவு செய்யும் கட்டணம் பற்றியும் கவலை வேண்டாம். சட்டம் சொல்லும் தொகைக்கு மேல், அதாவது பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கும் எஸ்சி, எஸ்டி பிரிவினரிடம் 125 ரூபாய்க்கும் மேல், பார் கவுன்சில்கள் வாங்கக் கூடாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

கோடிங் தெரிந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஒரு செயலி எதைக் கேட்கிறது, எங்கே அனுப்புகிறது, யார் பார்க்கிறார்கள் என்று கேட்கும் பழக்கம் வேண்டும். தமிழில் தெளிவாக எழுதத் தெரிந்தால் இன்னும் நல்லது. மத்திய அரசின் வரைவு விதிகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகின்றன. கருத்துச் சொல்லக் கிடைப்பது சில வாரங்கள். அதற்குள் நம் மக்களுக்கு அதை எளிய தமிழில் விளக்கிச் சொல்ல ஆள் போதாது.

பழகிப் பார்க்க டெல்லி போக வேண்டாம், நம் மெயின் கேட்டே போதும். வருபவரின் போட்டோ, செல் நம்பர் எல்லாம் செயலியில் ஏறுகின்றன. வீட்டு வேலைக்கு வரும் அக்காக்களின் ஆதார் படம் செக்யூரிட்டியின் போனில் இருக்கிறது. "கொடுக்க மாட்டேன்னு சொன்னா உள்ள விடுவாங்களாம்மா?" என்று அவர்களில் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. நம்மைப் போன்ற சங்கங்களும் அதற்குள் அடங்கும். எதற்காக வாங்குகிறோம் என்று சொல்ல வேண்டும். தேவை முடிந்ததும் அழிக்க வேண்டும். பாதுகாப்புக்குத்தானே என்று சிலர் சொல்வீர்கள். பாதுகாப்பு வேண்டும்தான். அதற்கு ஆதார் படம் எதற்கு, எத்தனை நாள் வைத்திருப்பது என்பதற்கு நம்மிடம் எழுத்தில் பதில் இல்லை.

மாணவர்களே, அந்தப் பதிலை நீங்கள் எழுதுங்கள். என்ன வாங்குகிறோம், ஏன், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்போம் என நான்கே கேள்வி. ஒரே பக்கம், தமிழில், வாட்ச்மேன் அண்ணனும் படித்துப் புரிந்துகொள்ளும்படி. எழுதும் முன் அவரிடமும் வேலைக்கு வரும் அக்காக்களிடமும் பேசுங்கள். திருத்தித் தர நான் இருக்கிறேன். அடுத்த பொதுக்குழுவில் அதை விவாதத்துக்கு எடுத்துக்கொள்வதாகத் தலைவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். விருப்பமுள்ளவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுங்கள்.