தீப்பொறி தேடும் முறை

மாரிகாலத்து மாலைப்பொழுது. ஆளரவமற்ற வீதியிலே பழைய மோட்டார் சைக்கிளொன்று இருமுறை விக்கி நின்றுவிடுகின்றது. ஓட்டி வந்தவர் உதைக்கின்றார். மீண்டும் மீண்டும் உதைக்கின்றார். கால் சோர்ந்ததுதான் மிச்சம். வண்டி வாய் திறக்கவில்லை. மறுநாள் புதிய பிளக்கு, புதிய கொயில், புதிய பற்றரி என்று ஒவ்வொன்றாக மாற்றப்படுகின்றன. ஒரு வாரச் சம்பளம் கரைந்த பின்னர், தளர்ந்து கிடந்த கம்பியொன்றை யாரோ இறுக்கிவிட, வண்டி புறப்பட்டுவிடுகின்றது. பழைய வண்டி வைத்திருப்போர் பலருக்கு இக்கதை புதிதன்று. வண்டி நின்றது கம்பியின் குறையால். பணம் கரைந்ததோ தேடிய முறையின் குறையால்.

இம்முறையை விளக்குவதற்குப் பலரும் அறிந்த ஒரு வண்டியை எடுத்துக்கொள்ளலாம். றோயல் என்பீல்ட் புல்லட் இங்கிலாந்திலே றெடிச் நகரிற் பிறந்தது. 1955இல் ஆங்கில நிறுவனமும் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் கூட்டுச் சேர்ந்தன. அதன் பின்னர் புல்லட் சென்னையிலே செய்யப்படலாயிற்று. இன்றைய வண்டிகளிலே இலத்திரனியற் கருவிகள் தீப்பொறியை ஆளுகின்றன. பழைய புல்லட்டிலோ அவ்வேலையைச் செய்வது பொயின்ற் எனப்படும் சிறு உலோக முனைகள் இரண்டே.

அவை செய்யும் வேலை விளங்கிவிட்டாற் பாதி வைத்தியம் முடிந்தது. முனைகள் ஒன்றையொன்று தொட்டிருக்கும்போது பற்றரியின் மின்னோட்டம் கொயிலினூடே பாய்ந்து காந்தப்புலத்தை உண்டாக்குகின்றது. முனைகள் விலகும் கணத்திலே அப்புலம் சட்டென்று குலைகின்றது. அக்குலைவினால் கொயிலின் மற்றைய சுற்றிலே பல்லாயிரம் வோல்ற்று அழுத்தம் பிறந்து, பிளக்கின் இடைவெளியிலே பொறியாகப் பாய்கின்றது. எஞ்சின் நிமிடத்துக்கு 4000 முறை சுழலும்போது இம்முனைகள் 2000 முறை திறந்து மூடவேண்டும். இத்துணை உழைப்பிலே ஒரு தூசியும் தடையாகும் என்பதில் வியப்பில்லை.

முதலில் எழவேண்டிய கேள்வி, குறை பெற்றோலிலா பொறியிலா என்பதாகும். பலமுறை உதைத்த பின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், அதுவே விடை கூறும். முனை உலர்ந்திருப்பின் பெற்றோல் வரவில்லை என்று ஐயுறலாம். நனைந்திருப்பின், பெற்றோல் வந்தும் எரியவில்லை என்பது பொருள். கரி படிந்திருப்பின் அக்கரியின் வழியே மின் ஒழுகி, பொறி தோன்றாமற் போவதும் உண்டு.

அடுத்தது பொறியைக் கண்ணாற் காணுதல். பிளக்கை அதன் கம்பியோடு இணைத்து, உலோக உடல் சிலிண்டரைத் தொடும்படி வைத்து, சாவியைத் திறந்து உதைக்கவேண்டும். நீல நிறத்துத் திடமான பொறி நல்லது; மெலிந்த மஞ்சட் பொறி நோயின் அடையாளம். ஈண்டு ஓர் எச்சரிக்கை மிக அவசியம். பிளக்குத் துவாரத்தினின்று பெற்றோல் ஆவி வெளிப்படும். ஆதலால் பெற்றோற் குழாயை மூடி, சிந்தியதைத் துடைத்து, பிளக்கைத் துவாரத்திற்கு எட்டவே வைத்தல் வேண்டும். பூட்டிய அறையினுள்ளே இச்சோதனை ஆகாது. பிளக்குக் கம்பியை வெறுங்கையாற் பிடிப்பதும் தகாது. வேறொன்றும் நினைவிலிருக்க வேண்டும்: திறந்த வெளியிலே எளிதிற் பாயும் பொறி, சிலிண்டரினுள் அழுத்தத்தின் நடுவே பாயாது போகலாம். ஆகவே வெளியே பொறி தெரிந்தும் எஞ்சின் இயங்காவிடின், நல்லதென்று தெரிந்த வேறொரு பிளக்கைப் பூட்டிப் பார்ப்பது நன்று.

பொறியே தோன்றாவிடில் எங்கே தேடுவது? புல்லட்டின் முன்விளக்கின் மேலே அமைந்த அம்பியர்மானி இதற்கு வழி காட்டும். விளக்குகளை அணைத்து, சாவியைத் திறந்து, அழுத்தம் தளர்த்தும் சிறு நெம்பைப் பிடித்துக்கொண்டு, உதைகோலை மெல்ல மெல்லக் கீழிறக்க வேண்டும். பொயின்ற் மூடியுள்ளபோது முள் சற்றே இடப்புறம் சாயும். திறந்ததும் நடுவுக்கு மீளும். இவ்வாறு சாய்ந்து மீளுமாயின், கொயில்வரை மின்னோட்டம் ஒழுங்காகவே உள்ளது. அசையாமல் நடுவிலேயே நின்றால் மின்னோட்டம் எங்கோ அறுந்துள்ளது: பற்றரி முனை, பியூஸ், சாவிச் சுவிச்சு, கம்பி இணைப்பு, அழுக்கேறிய பொயின்ற் என்பவற்றை இவ்வரிசையிலே பார்க்கலாம். சாய்ந்த முள் மீளாவிடின், பொயின்ற் திறக்கவில்லை, அல்லது கம்பியொன்று தோலுரிந்து உலோகத்தைத் தொடுகின்றது. காசு செலவின்றி இரண்டு நிமிடத்திலே முடியும் சோதனை இது.

இனிப் பொயின்ற். முனைகளை நன்கு விரியும் நிலைக்குக் கொணர்ந்து அளவுத் தகட்டினால் அளந்தால், இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீற்றர் வரை இருக்கவேண்டும். உராயும் குதிப்பகுதி நாளடைவிலே தேய, இடைவெளி குறுகிப் பொறி பிந்தும். இடைவெளி மிகின் பொறி முந்தும். அப்போது உதைகோல் திருப்பியடித்துக் காலையே ஊறுபடுத்தக்கூடும். எனவே இடைவெளியைச் சீர்செய்த பின்னரே, பொறி பாயும் நேரத்தைத் திருத்தலாம். கரிந்த முனைகளை மென்மையான உரத்தாளால் தேய்த்து, தூய துணியாற் துடைக்கலாம். புதிய பொயின்றுகளில் துருப்பிடியாதிருக்க எண்ணெய் பூசப்பட்டிருக்கும். அதைத் துடையாமற் பூட்டிவிட்டுப் புதிய பொருளே பழுதென்று மயங்குவோர் பலர்.

பொயின்றினிடையே வெளிச்சமான பொறி பறந்து, முனைகள் விரைவிற் கருகுமாயின், கண்டென்சரை ஐயுறலாம். குளிர்ந்தபோது நன்றாக ஓடி, சூடேறியதும் நின்று, ஆறியபின் மீண்டும் கிளம்பும் வண்டியிலே கொயில் அல்லது கண்டென்சர் நோயுற்றிருத்தல் கூடும். மழைநாளில் மட்டும் தொல்லை தருமாயின், பிளக்கு மூடியையும் தடித்த கம்பியையும் பார்க்கவேண்டும். இருளில் எஞ்சின் ஓடும்போது கம்பியோரம் நீல ஒளி ஊர்ந்தால், மின் ஒழுகும் இடம் அதுவே. இன்னொரு பழக்கமும் கொயிலைக் கெடுக்கும். எஞ்சின் நின்ற பின்னும் சாவியைத் திறந்தபடி விட்டால், மூடிய பொயின்றினூடே மின்னோட்டம் பாய்ந்துகொண்டேயிருக்கும். கொயில் சூடேறும், பற்றரியும் வறளும்.

மாரிகால வீதியிலே நின்ற அவ்வோட்டியிடம் இப்பொழுது திரும்பலாம். உதைப்பதை நிறுத்தி, சாவியைத் திறந்து, உதைகோலை மெல்ல இறக்கி, அம்பியர்மானியை அவர் நோக்கியிருந்தால், முள் நடுவிலேயே அசையாது நின்றிருக்கும். பற்றரியிலிருந்து தொடங்கிக் கம்பிகளை விரலால் தடவியபடி வந்திருந்தால், தளர்ந்த இணைப்பு கையிலே தட்டுப்பட்டிருக்கும். ஒரு வாரச் சம்பளம் பையிலே இருந்திருக்கும். இரவுக்கு முன் அவரும் வீடு சேர்ந்திருப்பார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சோதித்து, அதன் விடையைக் கண்ட பின்னரே அடுத்ததைத் தொடுவோருக்குப் பழைய வண்டி ஒருபோதும் புதிராவதில்லை.